சேர்வராயன் மலையில் லெந்து நாட்கள்

வியாழன், சேலம்

கரூர் தாண்டியதும் பெட்டியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருந்தது. காவிரியில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது. நாமக்கல் வழியாக இந்த ரயில் பாதை 2013ல் திறந்த பிறகுதான் மதுரைக்காரர்களுக்குச் சேலம் பக்கத்தில் வந்தது. அதற்கு முன்பு ஈரோட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

நாமக்கல் பாறைக்கோட்டை கண்ணில் பட்டபோது ராபர்ட் தெ நொபிலி நினைவுக்கு வந்தார். இயேசு சபைக் குரு. இத்தாலியில் வசதியான உயர்குடியில் பிறந்தவர். 1606ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உணவை ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றவர். 1623ல் மதுரையை விட்டுக் கிளம்பி, சேந்தமங்கலம், சேலம் என்று இதே திசையில்தான் வந்தார். சாதியை அவர் கையாண்ட விதத்தில் எனக்குப் பெரிய மறுப்பு உண்டு. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீடு, மொழி, சாப்பாடு, சொந்த ஊர் எல்லாவற்றையும் ஆண்டவருக்காக விட்டுவிட்டு வந்து, கடைசியில் கண் பார்வையும் மங்கி, 1656ல் மயிலாப்பூரில் இறந்த ஒரு மனிதரை நினைக்கும்போது என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. கடவுளை நேசிக்கிறேன் என்று நான் சொல்வதற்கும் அவர் சொல்லியிருக்கக்கூடியதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்தப் பயணம் அத்தையின் விருப்பம். லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், சில நாட்கள் ஏற்காட்டில் தங்கி ஜெபிக்க வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீ வா என்று போனில் கூப்பிட்டார். அப்பாவின் அக்கா. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா இறந்த பிறகு அஸ்தம்பட்டியில் தனியாக இருக்கிறார். அப்பா இறந்ததிலிருந்து எனக்கும் அத்தைக்கும் நெருக்கம் கூடியிருக்கிறது. போனில் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று இருவருமே பேச்சை நிறுத்திவிடுவோம். இரண்டு பக்கமும் ஒரே ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

மாலையில் ஆட்டோ பிடித்துக் கோட்டைப் பக்கம் லெக்லர் ஆலயத்துக்குப் போனோம். லண்டன் மிஷன் 1827ல் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கியது. முதலில் வந்தவர் ஹென்றி கிரிஸ்ப். 1831லேயே இறந்துவிட்டார். பின்னால் வந்த ஜெர்மானியர் லெக்லர், 1861ல் இறக்கும்வரை இந்த ஊரில்தான் உழைத்தார். ஆலயத்துக்கு அவர் பெயர்தான். நான்கு ஆண்டில் முடிந்துபோன கிரிஸ்ப்பின் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. “ஆண்டவருக்குத் தெரியும்ல, போதும்” என்றார் அத்தை. மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் தட்டுவடை செட் வாங்கினோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு விதச் சட்னி. சேலத்துக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போகிறவர்களுக்காக வருத்தப்படுகிறேன். அத்தைக்கும் வாங்கினேன். லெந்து காலத்தில் அவர் விடுவது கறியையும் காப்பியையும் மட்டும்தான், தட்டுவடைக்குத் தடையில்லை.

இரவுக் குடும்ப ஜெபம். மாற்கு 12ஆம் அதிகாரம் வாசித்தோம். யூதர்களுக்கு வேதத்தைக் கற்றுத் தரும் வேதபாரகன் ஒருவன் வந்து, கட்டளைகளில் எது பிரதானமானது என்று கேட்கிறான். ஆண்டவர் உபாகமத்திலிருந்து பதில் சொல்கிறார்: உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழு மனதோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக. சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். ஜெபம் முடிந்து விளக்கை அணைக்கப் போனபோது அத்தை கேட்டார்:

“முழு இருதயம்னா எவ்வளவு கண்ணு?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “மலைக்குப் போய் யோசிக்கலாம் அத்தை” என்றேன்.

வெள்ளி, ஏற்காடு

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் பஸ் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஏறத் தொடங்கியது. இந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தை கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே, உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டே வந்தார். கீழே மூங்கிலும் முள்ளும் காய்ந்து கிடந்தன. வளைவுகள் ஏற ஏறக் காற்று மாறியது. மேலே சில்வர் ஓக் மரங்கள் தெரிந்ததும் காப்பித் தோட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மலையில் காப்பி 1820களில் வந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்தது. இன்று ஏற்காடு என்றாலே காப்பி, மிளகு, ஆரஞ்சு. சில்வர் ஓக் மரம் காப்பிச் செடிக்கு நிழல் தருகிறது. அதே மரத்தில் மிளகுக் கொடி ஏறுகிறது. தோட்டங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே மலையாளி பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். உச்சியில் இருக்கும் சேர்வராயன் அவர்களுடைய தெய்வம். மலைக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான்.

நாங்கள் தங்கியிருப்பது ஒரு தியான இல்லம். கத்தோலிக்கர்கள் நடத்துவது. நாங்கள் புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. சபை என்று சொன்னதும், “அதனால என்னங்கம்மா, கும்பிடறது ஒரே சாமியைத்தானே” என்று சாவியைக் கொடுத்தார்கள். காலை எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை யாரும் யாரோடும் பேசக் கூடாது. அது மட்டும்தான் இங்கே விதி. அத்தைக்கு அதில் பெரிய சந்தோஷம். “ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் சத்தத்திலயே இருந்தேன். இப்ப வீட்டுல டிவி சத்தம். ஆண்டவர் சத்தத்தைக் கேக்க எடமே இல்ல.”

மாலையில் மான்ட்ஃபோர்ட் பள்ளி வரை நடந்துவிட்டு வந்தோம். 1917ல் தொடங்கிய பள்ளி. அது யாருடைய பெயர் என்று அத்தை கேட்டார். லூயி தெ மான்ட்ஃபோர்ட், பிரான்ஸ் நாட்டுக் குரு. 1673ல் பிறந்து 1716ல், 43 வயதில் இறந்தவர். ஊர் ஊராக நடந்து ஏழைகளுக்குப் பிரசங்கித்தவர். ‘கடவுள் மட்டுமே’ என்பதுதான் அவருடைய விருதுவாக்கு. இதைச் சொன்னதும் அத்தை நின்றுவிட்டார். “மட்டுமே அப்படின்னு சொல்ல தைரியம் வேணும் கண்ணு. நான் எல்லாம் ‘கடவுளும்’ அப்படின்னுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன்.”

இரவு நல்ல குளிர். இதை எழுதிப் பதிவிட வாசல் பக்கம் வந்து நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது.

சனி, ஏற்காடு

இன்று நிறைய எழுத வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

காலையில் கதவைத் திறந்ததுமே வாசனை. மல்லிகை என்றுதான் முதலில் நினைத்தேன். பேசக் கூடாத நேரம் என்பதால் யாரையும் கேட்க முடியவில்லை. வாசனை வந்த பக்கமாக நடந்தேன். வேலிக்கு அப்பால் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளை. ஒவ்வொரு கிளையிலும் இலைக் கணுக்களில் கொத்துக் கொத்தாகப் பூ. தேனீக்களின் இரைச்சல். நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் சொன்னது: “போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நல்ல மழை பேஞ்சுதுங்க. பூமழைன்னு சொல்லுவோம். மழை பேஞ்சு எட்டு, பத்து நாள்ல பூத்துரும். ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், அப்புறம் கருகிரும்.”

“மழை இன்னும் முன்னாடியே பெய்திருந்தா இன்னும் முன்னாடியே பூத்திருக்குமாங்க?”

“அப்படி இல்லீங்கம்மா. செடி கொஞ்ச நாள் காயணும். தண்ணி இல்லாம வாடணும். மொட்டு உள்ளேயே உறங்கிக் கிடக்கும். காய்ச்சல் நல்லா இருந்தாத்தான் மழை விழுந்ததும் ஒண்ணா பூக்கும். வருஷம் பூரா தண்ணி ஊத்துனா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கண்டபடி பூக்கும். பறிக்கறவங்களுக்குக் கஷ்டம்.”

அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் போக மனம் வரவில்லை.

அப்பா இறந்த பிறகு என் ஜெபம் வறண்டு போயிருந்தது. இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாரோ ஒருவர் அதே நிலையில் இருக்கலாம். முழங்கால்படியிடுவேன், வார்த்தை வராது. பாமாலையைத் திறந்தால் எழுத்து ஓடும், மனம் ஓடாது. ஆலயத்தில் மற்றவர்கள் கண்ணீரோடு ஆராதிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. முன்பு ஆண்டவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனாலேயே அவர் விலகிப் போய்விட்டது போல இருந்தது. முழு இருதயத்தோடும் அன்புகூருவாயாக என்றால், உணர்ச்சியே இல்லாத இருதயத்தை என்ன செய்வது?

63ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. ‘தேவனே, நீர் என்னுடைய தேவன், அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்.’ அடுத்து வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்தைப் பற்றிச் சொல்கிறான். தண்ணீர் கிடைத்த பிறகு பாடிய பாட்டு இல்லை இது. தாகத்தில் நின்றுகொண்டே ‘என்னுடைய தேவன்’ என்கிறான். அப்படியானால் அந்தத் தாகமே அன்புதான். நேசிக்காத ஒருவரைக் காணோம் என்று யாரும் ஏங்குவதில்லை. நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இத்தனை மாதமாக வறட்சி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சீக்கிரம் பூக்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு இந்தத் தோட்டத்தைக் காட்ட வேண்டும். மொட்டு ஏற்கெனவே கிளையில் இருக்கிறது. காய்ந்த நாட்களில் அது சாகவில்லை. மழையை வரவழைப்பது செடியின் வேலையும் இல்லை. அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம் என்று யோவான் எழுதுகிறாரே, அந்த ‘முந்தி’யில்தான் என் நம்பிக்கை எல்லாம் இருக்கிறது. அன்பு அவரிடமிருந்து தொடங்குகிறது. நான் அதை உண்டாக்க வேண்டியதில்லை.

அத்தையிடம் மாலையில் இதைச் சொன்னேன். அவர் அழுதார். நானும்.

இன்னொன்று. இங்கே சமையலறையில் ஒரு அக்கா இருக்கிறார். பீன்ஸ் நறுக்கும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். இரவு பாத்திரம் கழுவ உதவப் போனபோது கேட்டேன். “சும்மாதான்மா. இயேசுவேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். நாப்பது பேருக்குச் சமைக்கணும், தனியா ஜெபம் பண்ண எங்க நேரம்? கூப்பிட்டா வந்து நிக்கிறாருல்ல, அப்படியே வேலை ஓடிரும்.”

பாரிஸ் நகரத்தில் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் சபைச் சகோதரர் இருந்தார். இயற்பெயர் நிக்கோலா எர்மான். போர்வீரனாக இருந்து காயம்பட்டவர். 1640ல் மடத்தில் சேர்ந்தார். படிப்பு அதிகம் இல்லாததால் சமையலறை வேலை கொடுத்தார்கள். அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. வருடக்கணக்கில் அதைச் செய்து, பிறகு செருப்புத் தைக்கும் வேலைக்குப் போய், 1691ல் இறந்தார். அடுப்படிச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தேவனோடு இருக்கிறேன் என்று அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த அமைதி சுலபமாக வரவில்லை. மடத்தில் முதல் பத்து வருடங்கள் மனப் போராட்டத்திலேயே கழிந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். பத்து வருடம்! நாமோ ஒரு மாதம் மனம் கனிவாக இல்லாவிட்டால் பயந்துபோகிறோம்.

18 வயதில் அவர் மனந்திரும்பியது எப்படி என்பது இன்று எனக்கு வேறு மாதிரி புரிகிறது. குளிர்காலத்தில் இலை எல்லாம் உதிர்ந்த ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இதே மரத்தில் இலை வரும், பூ வரும், பழம் வரும் என்று நினைத்தார். அவ்வளவுதான். அந்த நினைப்பில் தேவனுடைய பராமரிப்பு அவருக்கு விளங்கிவிட்டது. கடைசிவரை அது மங்கவே இல்லை. யாரும் பிரசங்கிக்கவில்லை, தரிசனமும் இல்லை. மொட்டையான ஒரு மரம்தான்.

சமையல்கார அக்காவுக்கு லாரன்ஸைப் பற்றிச் சொன்னேன். “அவரு செருப்பு தச்சாரா? அப்ப நல்லவருதான்” என்று சிரித்துவிட்டு, நாளைக்குப் பொங்கலுக்கு அரிசி அளக்கப் போய்விட்டார்.

ஞாயிறு, ஏற்காடு

ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை. சிறிய கூட்டம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், விடுதிப் பிள்ளைகள், எங்களைப் போல வெளியூர்க்காரர்கள் சிலர். ஆயர் பத்துக் கட்டளைகளுக்குப் பதிலாக ஆண்டவர் சொன்ன இரண்டு கட்டளைகளை வாசித்தார். வியாழன் இரவு வாசித்த அதே வசனம் மறுபடியும் வந்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆராதனை முடிந்து ஏரிக்கரைக்கு வந்து உட்கார்ந்தோம். படகுத்துறையில் ஒரே கூட்டம், மிளகாய் பஜ்ஜி வாசனை. கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சு கிடைத்தது. மாற்கு 12ஐ மறுபடி திறந்தோம்.

நான் கவனித்தது இதுதான். பிரதான கட்டளை என்ன என்று கேட்ட வேதபாரகன் நல்லவன். ஆண்டவர் சொன்ன பதிலை அவன் அப்படியே ஏற்றுக்கொள்கிறான். சர்வாங்க தகனம் முதலான பலிகளைவிட அன்புதான் முக்கியம் என்றுகூடச் சொல்கிறான். ஆண்டவர் அவனிடம், ‘நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல’ என்கிறார். தூரம் இல்லை. ஆனால் உள்ளே வந்துவிட்டாய் என்று சொல்லவில்லை. அதே அதிகாரம் முடியும் இடத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் உட்கார்ந்திருக்கிறார். ஏழை விதவை ஒருத்தி வந்து இரண்டு காசு போடுகிறாள். அவள் வேத வசனம் எதையும் சொல்லவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆண்டவர் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது அவளைத்தான். முழு இருதயம் என்று அவர் சொன்னதற்கு ஆளை உருவமாகக் காட்டுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவளிடம் இருந்தது இரண்டு காசு. ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். பாதி கொடுத்தேன் என்று சொன்னால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? சொத்தில் பாதியைக் கொடுக்கிறவரை நாம் மேடையில் ஏற்றிச் சால்வை போடுகிறோம். அவள் இரண்டையும் போட்டாள். ‘முழு’ என்பது தொகையைப் பொறுத்தது இல்லை. இருக்கிறதில் ஒன்றையும் ஒளித்து வைக்காமல் இருப்பதுதான்.

இந்தப் பகுதியைக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை வாங்குகிற பிரசங்கங்களை நான் ஏற்கவே மாட்டேன். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை ஆண்டவர் கண்டித்ததும் இதே இடத்தில்தான், சில வசனங்களுக்கு முன்னால். அவர் தொகையைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“அப்ப என் கேள்விக்கு இதுதான் பதிலா?” என்றார் அத்தை. “எவ்வளவு இருக்கோ, அவ்வளவு. வறண்டு கிடந்தா வறண்டது. ஆனா ஒண்ணையும் ஒளிச்சு வைக்கக் கூடாது.”

“அப்படித்தான் தோணுது அத்தை.”

வெகுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

“நான் ஒரு காசை எடுத்து வச்சிருக்கேன் கண்ணு. உனக்கே தெரியும்.”

தெரியும். சூரமங்கலத்தில் இருக்கும் சின்ன அத்தையோடு அவர் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. தாத்தா வீட்டைப் பிரித்ததில் வந்த சண்டை. அப்பாவின் அடக்கத்தில்கூட இருவரும் கல்லறைக்கு இரண்டு பக்கமாக நின்றார்கள். நான் இருவர் வீட்டுக்கும் போவேன். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் பேச மாட்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் பழகிவிட்டோம்.

“தெனம் காலைல நாலரைக்கு எழுந்திரிச்சு ஜெபிக்கிறேன். லெந்துல காப்பி குடிக்கிறதில்ல. ஆஸ்பத்திரில எத்தனை பேருக்குப் பக்கத்துல ராத்திரி பூரா உக்காந்திருக்கேன். எல்லாம் கொடுத்தேன் ஆண்டவரேன்னு சொல்லிக்கிட்டு, இந்த ஒரு எடத்துக்கு மட்டும் உள்ள வராதீங்கன்னு கதவைச் சாத்தி வச்சிருக்கேன். அவரும் தட்டிக்கிட்டேதான் இருக்காரு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்பது அவருக்குத் தெரியாததா? இரண்டாம் கட்டளையை ஆண்டவர் முதலாவதோடு சேர்த்துச் சொன்னது சும்மா இல்லை. தேவனிடத்தில் நெருங்க நெருங்க, நாம் சாத்தி வைத்த கதவுக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார். இதைப் பல பரிசுத்தவான்களின் வாழ்க்கையில் படித்திருக்கிறேன். அத்தையின் முகத்தில் இன்றுதான் பார்த்தேன்.

இருட்டிய பிறகு லேடிஸ் சீட் என்ற காட்சிமுனைக்குப் போனோம். கீழே சேலம் முழுக்க விளக்கு. ஜங்ஷன் எந்தப் பக்கம் என்று அத்தை கேட்டார். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் கையை நீட்டிக் காட்டினான். சூரமங்கலம் அங்கேதான்.

திங்கள், சேலம்

இறங்கும்போது வளைவு எண்கள் 20லிருந்து குறைந்துகொண்டே வந்தன. அத்தை எலுமிச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அடிவாரத்தில் வெயில் முகத்தில் அடித்தது.

“வீட்டுக்குப் போக வேண்டாம். நேரா சூரமங்கலம் போயிரலாம். வீட்டுக்குப் போனா எனக்குத் தைரியம் போயிரும்” என்றார்.

ஏற்காட்டில் வாங்கிய காப்பித்தூளும் கொஞ்சம் மிளகும் கையில் இருந்தன. ஆட்டோவில் அவர் ஜெபித்த மாதிரி தெரியவில்லை. வெறுமனே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜங்ஷன் தாண்டித் திரும்பியதும், “பேசலன்னா?” என்று ஒரு தடவை கேட்டார். “பேசலன்னா திரும்பி வந்துரலாம் அத்தை, மறுபடி போகலாம்” என்றேன்.

கதவைத் திறந்தது சின்ன அத்தைதான். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவர், பின்னால் நின்றவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார். யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. “உள்ள வாங்கக்கா” என்றார். உள்ளே போய் உட்கார்ந்தோம். மின்விசிறியைப் போட்டார். சின்ன மாமாவைக் கூப்பிட்டார். மாமா வந்து, மலையில் குளிர் எப்படி என்று கேட்டார். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

அத்தைதான் ஆரம்பித்தார். “நான் பேசினது தப்பு. வீடு உன் பேருக்கு வந்தது எனக்கு வலிச்சுது. அதுக்காகச் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிட்டேன். ஆண்டவர் முன்னாடி என்னால இதுக்கு மேல வச்சுக்க முடியல.” நீயும் பேசினாய் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அதுவும் உண்மைதான். நாங்கள் எல்லோரும் கேட்டவர்கள்.

சின்ன அத்தை உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரச் சத்தம் கேட்டது. காப்பியோடு வந்து அக்காவின் முன்னால் வைத்தார். லெந்து விரதம் அவருக்கு எப்படித் தெரியும்? அத்தை டம்ளரை எடுத்துக் குடித்தார், முழுவதையும். அந்தக் காப்பிக்காக ஆண்டவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். கடைசி நாட்களில் அவர் யாரைத் தேடினார், என்ன சாப்பிட்டார் என்று ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரிடமும் பாதிப் பாதி கதைதான் இருந்திருக்கிறது. எனக்கும் தெரியாத சில விஷயங்கள் வந்தன. சின்ன வயதில் காய்ச்சலாகக் கிடந்த சின்ன அத்தையை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாராம், பின்னாலேயே அக்கா குடை பிடித்துக்கொண்டு ஓடினாராம். அதைச் சொல்லும்போதுதான் சின்ன அத்தையின் குரல் உடைந்தது.

வீட்டு விஷயம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். சின்ன அத்தையின் மனதிலும் காயம் இருக்கிறது. அது ஒரு மதியத்தில் ஆறக்கூடியது இல்லை. மாமா பத்திரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தபோது, “அது ஈஸ்டர் கழிச்சுப் பாத்துக்கலாங்க” என்று அத்தையே நிறுத்தினார். மதியம் அங்கேயே சாப்பிட்டோம், முருங்கைக்காய் சாம்பார். கிளம்பும்போது சின்ன அத்தை, பெரிய வெள்ளி அன்று மும்மணி ஆராதனைக்கு எந்த ஆலயத்துக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டார். லெக்லர் ஆலயத்துக்கு என்றார் அத்தை. “அப்ப நானும் அங்க வந்துர்றேங்கக்கா, எடம் போட்டு வைங்க” என்றார்.